முதல் தவறு பொம்மையோடு போகட்டும்

(மகப்பேறு மருத்துவப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் நம் மருத்துவர். இப்போது மருத்துவ மாணவர்கள் பொம்மைகளில் பழகும் பயிற்சிக்கூடம் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறார். பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

எனக்கு இது எட்டாம் மாதம். கல்லூரி மருத்துவமனையில்தான் பார்த்துக்கொள்கிறேன். பிரசவத்தின்போது மாணவர்கள் சுற்றி நிற்பார்கள் என்கிறார்கள். பொம்மையில் படித்துவிட்டு வருபவர் என்மேல் கை வைப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.
— வாசகி ஒருவர்

பொம்மையில்கூடப் படிக்காமல் வருபவரை நினைத்தால் எனக்கும் பயம்தான். நான் படித்த காலத்தில் ஒரு மாணவரின் முதல் உள்பரிசோதனை, முதல் தையல், முதல் பிரசவம் எல்லாமே யாரோ ஒரு பெண்ணின் உடம்பில்தான் நடந்தன. அந்தப் பெண்ணிடம் பெரும்பாலும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பயிற்சிக்கூடம் என்று ஒன்றை வைத்திருப்பதே, அந்த முதல் தடவை உங்கள்மேல் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான். அங்கே ஒரு மாணவி குழந்தையின் தலையை எத்தனை முறை தவறாகப் பிடித்தாலும் ரப்பர் தலைக்கு ஒன்றும் ஆகாது.

அதற்காக, பொம்மையில் தேறியவர் நேராக வந்து உங்களுக்குத் தனியாகப் பிரசவம் பார்த்துவிடுவார் என்று எண்ண வேண்டாம். மூத்த மருத்துவரோ செவிலியரோ பக்கத்திலேயே நிற்பார்கள்; தேவைப்பட்டால் மாணவரின் கைமேல் தங்கள் கையை வைத்து நடத்துவார்கள். மாணவர் தன் பெயரையும், தான் மாணவர் என்பதையும் சொல்லி, உங்கள் அனுமதியைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதனால் உங்கள் கவனிப்பு ஒரு துளியும் குறையக் கூடாது. வலி வந்த பிறகு இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்க முடியாது. அடுத்த செக்கப்புக்குப் போகும்போதே பேசி வைத்துவிடுங்கள்.

கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று உள்பரிசோதனையில் எனக்குத் தெரிவதே இல்லை. மேடம் "ஆறு" என்றால் நானும் தலையாட்டிவிடுகிறேன். எல்லோரும் இப்படித்தானா?
— இறுதியாண்டு மாணவி

தலையாட்டுகிறவர்கள்தான் அதிகம், அம்மா. என்ன, அவர்கள் கடிதம் எழுதுவதில்லை.

முதலில் ஒரு ஸ்கேலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, இவ்வளவு விரித்தால் நாலு, இவ்வளவுக்கு ஆறு என்று அளந்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். உங்கள் விரலின் அகலம் உங்களுடையது. மேடத்தின் கணக்கு உங்களுக்கு உதவாது. அப்புறம் வளையங்கள். ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை துளை வெட்டிய தட்டு எல்லாப் பயிற்சிக்கூடத்திலும் இருக்கும். பெரும்பாலான மாணவர்கள் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தொடுவார்கள். அதில் ஒரு பயனும் இல்லை. துணியால் மூடி, தோழியை வளையங்களை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி, விரலை மட்டும் உள்ளே விட்டு எண்ணைச் சொல்லுங்கள். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் போலோனியாவில் ஜியோவான்னி அந்தோனியோ கல்லி என்ற மருத்துவர் களிமண்ணிலும் மெழுகிலும் கர்ப்பப்பை மாதிரிகள் செய்ய வைத்துப் பாடம் நடத்தினார். மாணவர்களின் கண்ணைக் கட்டித்தான் தேர்வு வைப்பாராம். கல்லி சரியாகத்தான் யோசித்திருக்கிறார். நம் வேலையில் கண்ணுக்கு இடமில்லை.

எண் பிடிபட்டதும் குழந்தைத் தலையின் நிலைக்கு வாருங்கள். மண்டையோட்டின் நாலு கோடுகள் வந்து சேரும் அகலமான உச்சிக்குழி முன்பக்கம். மூன்று கோடுகள் சேரும் சின்ன முக்கோணம் பின்பக்கம். ரப்பர் தலையில் இது சுலபமாகத் தெரியும். நிஜத்தில் தலை வீங்கியிருந்தால் எனக்கே சிலசமயம் குழப்பம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் வளையம் விறைப்பாக இருக்கும். நிஜமான கர்ப்பப்பை வாய் காகிதம்போல் மெலிந்து, வலி வரும்போது விரலுக்கடியிலேயே இறுகி, நழுவும். அனுபவசாலிகள் இருவர் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தாலே ஒரு சென்டிமீட்டர் முன்பின் வருவது சகஜம். ஆகவே மேடம் ஆறு என்னும்போது உங்களுக்கு ஐந்து என்று பட்டால், ஐந்து என்றே சொல்லுங்கள். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் எது சரி என்று பேசுவதற்குத்தானே அங்கே நிற்கிறோம்.

பொம்மையோடு பேசச் சொல்கிறார்கள். "அம்மா, உங்களைப் பரிசோதிக்கலாமா?" என்று ரப்பரைப் பார்த்துக் கேட்க வெட்கமாக இருக்கிறது. பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்.
— மூன்றாம் ஆண்டு மாணவர்

சிரிப்பவர்களையும் அடுத்து வந்து பேசச் சொல்லுங்கள், அடங்கிவிடுவார்கள். பொம்மையிடம் பேசாத வாய் பெண்ணிடமும் பேசாது, தம்பி. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கை தன் பாட்டுக்குக் கற்றுக்கொண்டுவிடும். வாயைத்தான் பழக்க வேண்டியிருக்கிறது.

வெட்கம் போக ஒரு வழி: பொம்மையை நிமிர்த்தி வைத்துவிட்டு, அதன் தலைமாட்டில் உங்கள் வகுப்பில் ஒருவரை உட்கார வையுங்கள். அவர் பதில் சொல்லட்டும், கத்தட்டும், கையைத் தட்டிவிடட்டும். இதற்கென்றே வயிற்றில் கட்டிக்கொள்ளும் மாதிரிகள் வந்திருக்கின்றன. லேர்டால் நிறுவனத்தின் மாமா நடாலி அப்படிப்பட்டதுதான். ஒருவர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்துகொள்வார். குழந்தையை எப்போது தள்ளுவது, எவ்வளவு ரத்தம் விடுவது என்பதெல்லாம் உள்ளிருந்து அவர் கையில். அந்த முகத்தைப் பார்த்தபடி பரிசோதித்தால் சிரிப்பு வராது.

எங்கள் கல்லூரியில் நிதி இல்லை. கணினியோடு இணைந்த பிரசவப் பொம்மை (மேனிகின்) வாங்க முடியாது. அது இல்லாமல் இந்தப் பயிற்சியைத் தொடங்குவதில் அர்த்தம் உண்டா?
— உதவிப் பேராசிரியர் ஒருவர்

உண்டு. 1759இல் பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயி, ஆஞ்செலிக் து கூத்ரே என்ற மருத்துவச்சியை நாடு முழுக்கப் போய் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும்படி அனுப்பினார். துணி, தோல், பஞ்சு இவற்றால் இடுப்பும் வயிறும் குழந்தையும் செய்துகொண்டு, அந்த அம்மையார் ஊர் ஊராக இருபது வருடத்துக்கு மேல் சுற்றினார். படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள்தான் மாணவிகள். அந்தத் துணி மாதிரியில் ஒன்று இன்றும் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இரட்டைக் குழந்தையும் உண்டு, நஞ்சுக்கொடியும் உண்டு, கயிற்றை இழுத்தால் விரியும் பிறப்பு வழியும் உண்டு. கணினிதான் இல்லை.

விலை உயர்ந்த மேனிகின்களைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வந்த புதிதில் மூன்று மாதம் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். அப்புறம் ஏதோ ஒரு மோட்டார் ஓடாது. சரிசெய்ய ஆள் வரவேண்டும். சாவி ஒருவரிடம், பாஸ்வேர்டு இன்னொருவரிடம். ஆய்வுக் குழு வரும் அன்று மட்டும் உறையைக் கழற்றுவார்கள். தினமும் அழுக்காகிற துணிப் பொம்மை அதைவிட நூறு மடங்கு மேல்.

நீங்கள் தொடங்க வேண்டியவை: ஒரு இடுப்பெலும்பு மாதிரி, கழுத்து மடங்குகிற ஒரு குழந்தை, தொப்புள்கொடியோடு ஒரு நஞ்சுக்கொடி, சிவப்புத் தண்ணீர். நீர் நிரப்பும் வகைப் பச்சிளங்குழந்தைப் பொம்மைகள் இருக்கின்றன. வெந்நீர் ஊற்றிக் கையில் கொடுத்தால் மாணவர்கள் பிடிக்கிற விதமே மாறிவிடும். கனமும் சூடும் அப்படி. தையலுக்குப் பஞ்சுமெத்தைத் துண்டு போதும். ஆழமான கிழிசலைத் தைத்துப் பழக, கசாப்புக் கடையில் கிடைக்கும் மாட்டு நாக்கைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். தசையும் மேல்தோலும் அடுக்கடுக்காக இருப்பதால் ஊசி போகும் விதம் கிட்டத்தட்ட நிஜம்போலவே இருக்கும். செலவு செய்யக் கொஞ்சம் பணம் மிஞ்சினால், ஆசிரியர் இருவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்.

தலை வந்த பிறகு குழந்தையின் தோள் உள்ளே சிக்குவது ரொம்ப அபூர்வம் என்று பாடப்புத்தகமே சொல்கிறது. அதற்குப் போய் ஏன் இத்தனை ஒத்திகை (டிரில்)?
— பயிற்சி மருத்துவர் ஒருவர்

அபூர்வம் என்பதால்தான். ஆயிரம் பிரசவத்தில் ஆறேழு என்ற அளவில் வருவதை நீங்கள் வார்டில் நின்று கற்றுக்கொள்ள முடியாது. வருகிற அன்றும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. குழந்தை பெரியதாக இருந்தால் வரலாம். சாதாரண எடையிலும் வரும்.

தலை வெளியே வந்து, ஆமைபோல் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நொடியில் பழகாத கை செய்வது ஒன்றே ஒன்று: இழுக்கும். இழுத்தால் கழுத்து நரம்புகள் அறுபட்டுக் குழந்தையின் கை செயலிழந்துபோகலாம். இன்னொருவர் ஓடி வந்து மேல்வயிற்றை அமுக்குவார், அதுவும் கூடாது. விசையை அளக்கும் கருவி பொருத்திய பொம்மையில் மாணவர்கள் இழுக்கும் வேகத்தைப் பார்த்தால் அவர்களே திடுக்கிடுவார்கள். "நான் மெதுவாத்தானே மேடம் இழுத்தேன்" என்பார்கள். திரையில் கோடு உச்சியில் நிற்கும்.

செய்ய வேண்டிய வரிசை உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். தோள் சிக்கியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுதல், உதவிக்கு அழைத்தல், நேரத்தைக் குறித்தல், இரண்டு தொடைகளையும் வயிற்றோடு சேர்த்து மடக்கும் மெக்ராபர்ட்ஸ் நிலை, அடிவயிற்றின் கீழுள்ள பூப்பெலும்புக்கு மேலே அழுத்துதல். முக்கால்வாசிப் பேர் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில். குழந்தையின் பின்பக்கக் கையை வெளியே எடுக்க, நம் கையை உள்ளே விட வேண்டும். இரண்டு விரலை விட்டுத் துழாவுவார்கள். இடமே இல்லை என்பார்கள். இடம் இருக்கிறது. முன்பக்கம் எலும்பு, பின்பக்கம் குழிவு. இறுக்கமான வளையலைப் போடும்போது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் கையைக் குவிப்போமே, அப்படிக் குவித்து, முழுக் கையையும் பின்பக்கமாக விட வேண்டும். சொன்னால் புரியாது. பொம்மையில் ஒருமுறை கை மணிக்கட்டு வரை போய், குழந்தையின் முழங்கை தட்டுப்பட்டு, அதை மடக்கி, முன்கையை மார்புக்குக் குறுக்காக வழித்து எடுக்கும்போது மாணவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்க்கத்தான் ஓய்வு பெற்ற பிறகும் நான் இங்கே வந்துகொண்டிருக்கிறேன்.

பயன் உண்டா என்று கேட்டால், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒரு மருத்துவமனையில் பிரசவ அறை ஊழியர் அனைவருக்கும் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். முன்பு தோள் சிக்கிய பிரசவங்களில் 9.3 சதவீதத்தில் குழந்தைக்குக் காயம். பயிற்சிக்குப் பின் 2.3 சதவீதம். 2008இல் வெளியான கணக்கு இது. தோள் சிக்குவது அங்கே நின்றுவிடவில்லை. கைகள் மாறின, அவ்வளவுதான்.

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு டிரிலில் எங்கள் குழு எப்போதும் தோற்கிறது. மருந்து, அளவு எல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எங்கே கோட்டை விடுகிறோம்?
— நர்சிங், மருத்துவ மாணவர் குழு

நீங்கள் டிரில் செய்வதை நான் பார்த்ததில்லை. ஆனாலும் என்ன நடந்திருக்கும் என்று சொல்லட்டுமா?

ஒருவர் வயிற்றைத் தேய்க்கிறார். சிவப்புத் தண்ணீர் வழிகிறது. "யாராவது ஆக்ஸிடோசின் எடுங்க" என்கிறார்; கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து அது. மூன்று பேர் அலமாரியைப் பார்க்கிறார்கள். அவர் எடுப்பார் என்று இவர், இவர் எடுப்பார் என்று அவர். யாரும் எடுக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து, "போட்டாச்சா?" "என்கிட்டயா சொன்னீங்க?" சரிதானே?

யாராவது என்று ஒருவர் எந்த அறையிலும் இல்லை. பெயரைச் சொல்லி, முகத்தைப் பார்த்து, மருந்து, அளவு, வழி மூன்றையும் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முடித்ததும் முடித்தேன் என்று சொல்ல வேண்டும். ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: "டிரானெக்ஸாமிக் ஒரு கிராம், நரம்பு வழியா, பத்து நிமிஷத்தில்." "டிரானெக்ஸாமிக் ஒரு கிராம், நரம்பு வழியா, பத்து நிமிஷத்தில். ஆரம்பிச்சுட்டேன்." கேட்க நாடக வசனம்போல் இருக்கும். இருக்கட்டும். ஒருவர் பேசாமல் நேரத்தையும் மருந்தையும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பேனாவையும் முன்னாலேயே ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடுவது. நான் ஒரு சின்ன விளையாட்டு வைப்பேன். அளந்த சிவப்புத் தண்ணீரைப் படுக்கை விரிப்பில், பேடுகளில், தரையில் ஊற்றி வைத்துவிட்டு, எவ்வளவு என்று சீட்டில் எழுதச் சொல்வேன். குறைவாக இருக்கும் இடத்தில் கூட்டி எழுதுவார்கள். நிறைய இருக்கும் இடத்தில் பாதியாக எழுதுவார்கள். உயிர் போவது இந்த இரண்டாவதில்தான். தரையில் ஒரு மீட்டர் குறுக்களவுக்குத் தேங்கியிருந்தால் அது சுமார் ஒன்றரை லிட்டர். பெரும்பாலான சீட்டுகளில் எழுநூறு, எண்ணூறு என்றிருக்கும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால், "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்ற பேச்சே வராது.

அதனால்தான் அளவுக்கோடு போட்ட பையை இடுப்புக்கடியில் விரிப்பதை இப்போது வலியுறுத்துகிறார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் நடந்த இ-மோட்டிவ் ஆய்வு 2023இல் வெளியானது. அந்தப் பையால் அளந்து, ரத்தப்போக்கு தெரிந்தவுடன் வயிற்றைத் தேய்த்தல், ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக், நரம்பு வழித் திரவம், காரணத்தைத் தேடிப் பரிசோதித்தல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்கிய மருத்துவமனைகளில் கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் விபரீதங்களும் 60 சதவீதம் குறைந்தன. பழைய வழக்கத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, கேட்கவில்லை என்றால் அடுத்தது என்று போவோம். உங்கள் டிரிலையும் ஒரே மூச்சாக மாற்றிப் பாருங்கள்.

வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்பேட் அளவு தெரியும். அதற்கும் ஒரு பயிற்சி மேசை தேவையா?
— ஒரு மாணவர்

காகிதத்தில் நாலு கிராம் என்று எழுதுவது ஒன்று. ஆம்பூலை (மருந்துக் குப்பியை) உடைத்து, 50 சதவீத மருந்தில் 8 மில்லி எடுத்து, கிருமியற்ற நீர் 12 மில்லி சேர்த்து, 20 மில்லியாக்கி, நரம்பில் மெதுவாக ஏற்றுவது இன்னொன்று. அப்புறம் இரண்டு பிட்டத்திலும் அதே 50 சதவீத மருந்தில் 10 மில்லி, அதாவது ஐந்து ஐந்து கிராம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை "டாக்டர், மறுபடி வலிப்பு வருது" என்று கத்தச் சொல்லிவிட்டுச் செய்து பாருங்கள். ஆம்பூலில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முழங்கால் தட்டினால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்குப் பதினாறு இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லி வருகிறதா என்பதைப் பார்ப்பதும், மருந்து அதிகமாகிவிட்டால் முறிவாகத் தரும் கால்சியம் குளுக்கோனேட் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதும் அந்த மேசையின் பாடம்தான்.

டிரில் முடிந்ததும் தவறுகளைச் சொன்னால் சில மாணவிகள் அழுதுவிடுகிறார்கள். சொல்லாவிட்டால் திருந்துவதில்லை. என்ன செய்வது? டிரிலில் பொம்மை சாவதாகக் காட்டலாமா?
— பயிற்சிக்கூட ஆசிரியை

டிரில் பத்து நிமிடம் என்றால் பேச்சு இருபது நிமிடம் இருக்க வேண்டும். நேரமில்லை என்று பேச்சை வெட்டுவதாக இருந்தால் டிரிலையே வைக்க வேண்டாம் என்பேன். இப்படிப் பாவனையாகச் செய்து பழகும் சிமுலேஷன் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தவர்கள், கற்றல் நடப்பதற்கு முதல் காரணமாகச் சொன்னது பின்னூட்டத்தைத்தான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கண்டதைச் சொல்வேன், எனக்குப் பட்டதைச் சொல்வேன், அப்புறம் கேட்பேன். "ரத்தம் வர ஆரம்பித்து நாலு நிமிஷம் ஆன பிறகுதான் சீனியரைக் கூப்பிட்டீங்க. எனக்கு அது தாமதம்னு பட்டது. அந்த நாலு நிமிஷம் உங்க மனசுல என்ன ஓடிச்சு?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கு இதுதான் கஷ்டம்.

ஒருமுறை வந்த பதில்: "சும்மா கூப்பிட்டா திட்டுவாங்க மேடம். நிச்சயமா தெரிஞ்ச பிறகு கூப்பிடலாம்னு இருந்தேன்." அந்தப் பெண்ணுக்கு ரத்தப்போக்கைப் பற்றி எதுவும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. திருத்த வேண்டியிருந்தது வார்டில் சீனியர்கள் தொலைபேசியை எடுக்கிற விதத்தை. "ஏன் கூப்பிடவில்லை, அறிவில்லையா?" என்று கேட்டிருந்தால் அழுதிருப்பாள், எனக்கும் விஷயம் தெரியாமலே போயிருக்கும்.

பொம்மை சாகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் முறை செய்கிறவர்களுக்குக் கூடாது. தவறு செய்ததற்குத் தண்டனையாக, "உங்களால் தாய் இறந்துவிட்டார்" என்று அறிவிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. அனுபவமுள்ள குழுவுக்கு, மரணத்தை எப்படிக் குடும்பத்திடம் சொல்வது என்பதே பாடமாக இருந்தால், முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்துங்கள்.

ஆண் மாணவன் என்பதால் பிரசவ அறையில் பெண்கள் வேண்டாம் என்கிறார்கள். பொம்மையிலேயே முழுக்கக் கற்றுக்கொண்டால் போதாதா?
— இறுதியாண்டு மாணவர்

போதாது. ஆனால் உங்கள் சங்கடம் புரிகிறது. அவர்கள் மறுப்பது உங்களை அல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள்; தெரியாத ஆள் ஒருவர் கடைசி நேரத்தில் எட்டிப் பார்ப்பதைத்தான் மறுக்கிறார்கள். தலை தெரியும் நேரத்துக்குக் கையுறையோடு வந்து நிற்பவரை யாருக்குப் பிடிக்கும்? வலியின் தொடக்கத்திலேயே போய், பெயரைச் சொல்லி, தண்ணீர் எடுத்துக் கொடுத்து, முதுகைப் பிடித்துவிட்டு, கூடவே இருந்து பாருங்கள். பிரசவம் ஆகும் நேரத்தில் "தம்பி இருக்கட்டும்" என்று பல பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிலர் அப்போதும் வேண்டாம் என்பார்கள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

உள்பரிசோதனைக்கு வேறொரு வழியும் உலகில் உண்டு. 1970களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கிரெட்ஷ்மார் என்ற மருத்துவர், பயிற்சி பெற்ற பெண்களையே ஆசிரியர்களாக்கினார். தங்கள் உடம்பில் பரிசோதிக்கச் சொல்லி, "அங்கே வலிக்கிறது, விரலைத் தாழ்த்து" என்று அந்தந்த நொடியிலேயே சொல்லித்தருவார்கள். எந்த ரப்பராலும் முடியாத பாடம் அது. இப்போது பல நாடுகளில் இந்த முறை இருக்கிறது.

நாற்பது வருடம் பிரசவ அறையில் வேலை பார்த்தவள் நான். பொம்மையை வைத்து விளையாடினால் பிரசவம் பார்க்க வருமா? நாங்களெல்லாம் பெரியவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்றோம்.
— ஓய்வு பெற்ற செவிலியர்

சிஸ்டர், உங்களைப் போன்றவர்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதனால் எதிர்த்துப் பேச மாட்டேன். ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி என்றுகூடச் சொல்வேன்.

சிமுலேஷனில் வளர்கிற பிள்ளைகளுக்கு அவசரம் என்று ஒரு வியாதி வருகிறது. எங்கள் மேசைகளில் எப்போதும் ஏதாவது ஒன்று பற்றி எரியும். தோள் சிக்கும், ரத்தம் கொட்டும், வலிப்பு வரும், பத்தே நிமிடத்தில் எல்லாம் முடியும். அதையே பார்த்துவிட்டு வார்டுக்குப் போகிறவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருப்பது ஏதோ கடமை தவறுவதுபோல் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டரிலிருந்து முழுதாகத் திறக்கப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். நாலு மணி நேரத்தில் மாணவர், "வலியைக் கூட்ட டிரிப்ஸ் போடலாமா மேடம்?" என்று வந்து நிற்பார். நீங்களெல்லாம் அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் வயிற்றில் கையை வைத்தபடி, வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். அதைப் பொம்மை சொல்லித்தராது.

அதனால் இப்போது ஒரு மேசையை மாற்றியிருக்கிறேன். வழக்கம்போல அவசர மணி, மருந்துத் தட்டு, எல்லாம் இருக்கும். உள்ளே வருகிற மாணவருக்குப் பிரசவ முன்னேற்றத்தைக் காட்டும் வலி வரைபடத்தைக் கொடுப்போம். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கும், கர்ப்பப்பை வாய் நிதானமாகத் திறந்துகொண்டிருக்கும், கட்டிலில் படுத்திருக்கும் நடிகை மட்டும் "எப்ப முடியும்? ஏதாவது பண்ணுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எதுவும் போடாமல், அவரிடம் பேசி, எழுந்து நடக்கச் சொல்லி, அடுத்து எப்போது பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு வருகிறவருக்கு முழு மதிப்பெண். முதல் நாளே பாதிப் பேர் மருந்துத் தட்டைத் தொட்டுவிட்டார்கள்.

நேரம் இருந்தால் ஒரு நாள் வந்து அந்தக் கட்டிலில் நீங்கள் படுங்கள், சிஸ்டர். நடிக்க ஆள் தேவைப்படுகிறது. உங்களைவிட நன்றாக யாரும் கத்த மாட்டார்கள்.

ஒருமுறை பயிற்சி எடுத்தால் எத்தனை நாள் தாங்கும்?
— பயிற்சி மருத்துவர்

ஒருமுறையோடு விடாமல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பெரிதாக ஆண்டுக்கு ஒருமுறை, எல்லோரும் சேர்ந்து, மருத்துவர், செவிலியர், மயக்க மருந்து நிபுணர், தள்ளுவண்டி ஊழியர் உட்பட. நடுவில் சின்னச் சின்னதாக, பணி மாறும் நேரத்தில் பத்து நிமிடம். முடிந்தால் பயிற்சிக்கூடத்தில் வைக்காமல் பிரசவ அறையிலேயே காலிக் கட்டிலில் வையுங்கள். ஆக்ஸிடோசின் இருக்கும் குளிர்பெட்டி பூட்டியிருப்பதும், சாவி மேல்மாடியில் இருப்பதும் அப்போதுதான் தெரியவரும்.